ஏழு நாள் விடுப்பும் எட்டாத அடுப்பும்

உலகச் செய்திகளை அலசுவதில் நம் ஆண்மக்களுக்கு நிகர் ஒருவருமில்லை. கோப்பிக் கடையில் அமர்ந்தால் செம்பனை எண்ணெய் விலை முதல் அமெரிக்கத் தேர்தல் வரை அனைத்துக்கும் தீர்ப்பு வழங்கிவிட்டே எழுவர். ஆனால் பத்திரிகையில் வரும் எச்செய்தியும் தம் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிடாதவாறு அவர்கள் காக்கும் காவல் இருக்கிறதே, அது எல்லைப் படைக்கும் வாய்க்காது.

சான்றுக்கு ஒரு செய்தி. திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. வார வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஓராண்டு பணியாற்றிய மணமான ஆண் ஊழியருக்கும், மனைவியின் பேற்றையொட்டிச் சம்பளத்துடன் தொடர்ந்து 7 நாள் விடுப்புக் கிடைத்தது.

தோட்டக் கிராணி என்ற முறையில் அவ்விடுப்பு விண்ணப்பங்களை நாம் காண்கின்றோம். குழந்தையைப் பேண, மனைவிக்குத் துணைபுரிய என்று காரணம் அழகாகவே எழுதப்பட்டிருக்கும். அந்த 7 நாளும் நடப்பது என்ன? உறவினர் வீடுதோறும் இனிப்பு, நண்பர்க்கு விருந்து, ஒழிந்த வேளையில் தூண்டில். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு வடிக்க மாமியார் வரவேண்டும். அவர் இல்லையேல் அண்டை வீட்டு அம்மாள் வரவேண்டும். தந்தையானவரோ தம் வீட்டிலேயே விருந்தாளியாய் அமர்ந்து, "கோப்பி ஆயிற்றா?" என்பார்.

கேட்டால், "சமையல் பெண்டிர் தொழில், அது முன்னோர் வகுத்த முறை" என்று விடை வரும். அப்படியாயின் திருமணப் பந்தியில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கிளறுபவர் யார்? திருவிழா அன்னதானத்தில் அண்டா தூக்குபவர் யார்? கடைவீதியில் ரொட்டி வீசுபவர் யார்? பெரும்பாலும் ஆண்களே அன்றோ! ஐந்நூறு பேருக்குச் சமைத்தால் பெருமை, ஐந்து பேருக்குச் சமைத்தால் இழிவு என்பது எந்தச் சாத்திரம்? கூலி கிடைக்கும் சமையல் ஆணுக்கு, கூலியில்லாச் சமையல் பெண்ணுக்கு என்பதன்றி இதில் வேறு முறை ஒன்றையும் நாம் காணோம்.

"உழைத்துக் களைத்து வருகிறோம்" என்பது அடுத்த சாக்கு. அதே பெரட்டில் நின்று, அதே வெயிலில் உழைத்து, அதே நேரத்தில் வீடு திரும்பும் மனைவி களைக்கவில்லையா? அவளுடைய 45 மணி அடுப்படியில் முடிவதில்லை. அங்கேதான் மீண்டும் தொடங்குகிறது.

நிற்க, 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்த அநீதியைப் பற்றி நம்மவர் இன்றும் கொதிப்பர், கொதிக்கத்தான் வேண்டும். ஆயினும், வெளிக்காட்டில் அவள் உழைப்பை வெள்ளைத் துரை 40 காசுக்கேனும் மதித்தான். வீட்டில் அவள் உழைப்புக்கு நம் ஆண்மக்கள் இட்ட மதிப்பு எத்தனை காசு?

இல்லத்தரசிகளுக்கென ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை 2022 டிசம்பரில் அரசாங்கம் தொடங்கியது. வீட்டு வேலையில் விபத்தும் உண்டு, இழப்பீடும் உண்டு எனச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அது வேலைதான் என்று ஒப்புக்கொள்ளக் கணவன்மாருக்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

பெண்ணுரிமைக் கூட்டங்களில் கைதட்டும் தோழர்களே! தட்டிய அதே கைகளால் நாலு பாத்திரங்களையும் துலக்குங்கள். முதல்நாள் சோறு குழையும்; குடும்பம் குலையாது.

7 நாள் விடுப்பு எடுப்போர் அந்த 7 நாளும் துணி துவைக்கட்டும், கஞ்சி காய்ச்சட்டும், நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தோளில் சாய்த்து நடக்கட்டும். இயலாதோர் விண்ணப்பத்தில் காரணத்தை ஒளிக்காமல் "தூண்டில் போட" என்றே எழுதட்டும். நாமும் பிழையின்றி அவ்வாறே பதிவேட்டில் ஏற்றிக்கொள்வோம்.