மஞ்சள் கடுதாசி எதைக் காக்கும்?

கடனைக் கட்ட வழியற்றவர், தன்னை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் போடும் மனுவே ஊர்ப் பேச்சில் மஞ்சள் கடுதாசி. ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் தறி ஓட்டுபவர் அதைக் கொடுக்க நினைத்தால், அவருக்குரிய சட்டம் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். 2016-இன் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பாகம் இருக்கிறது. ஆனால், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குக் கிடப்பில் கிடக்கிறது. முதலாளிக்குப் புதுச் சட்டம், தறிக்காரருக்கு நூறாண்டுப் பழையது என்ற இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் சொல்வது கடினம்.

பழைய சட்டத்தில் நுழைவது எளிது. கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம். அது 1920-இன் 500 ரூபாய். தொகையை யாரும் திருத்தவில்லை. சார்பு நீதிமன்றம் நொடித்தவர் என்று அறிவித்ததும் சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். நீதிமன்ற அனுமதியின்றிக் கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட முடியாது. சமையல் பாத்திரம், உழவு மாடு, விதைநெல், கைத்தொழில் கருவி, தாலி ஆகியவற்றில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால், மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுக்குள் மச்சினன் பேருக்குச் சும்மா எழுதிவைத்த நிலம் திரும்பி வந்துவிடும்.

அடமானத்துக்கும் நகைக்கடனுக்கும் இந்த மனு தடை போடாது; கடன் கொடுத்தவர் ஈட்டை விற்றுக்கொள்ளலாம். ஜாமீன் போட்டவரும் தப்ப முடியாது. செக் திரும்பியது குற்ற வழக்கு, அது தனியே நடக்கும். நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள், கடனிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனுவைப் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகிவிடும். மஞ்சள் கடுதாசி கொடுத்ததோடு கதை முடிந்தது என்று நம்புவோர் சறுக்குவது இங்கேதான்.

கட்ட வக்கில்லாத ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்பதற்கு இந்த மனுகூடத் தேவையில்லை. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் ஏமாற்றுபவருக்கே சிறை.

ஆகவே மனுவுக்கு முன்பே கடன்களைத் தரம் பிரிக்க வேண்டும். புரோநோட்டின் ஆயுள் மூன்றாண்டு. கெடு முடியுமுன் அதன் பின்பக்கத்தில் நூறு ரூபாய் வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டாலும் அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். வட்டிக்காரர் சிறு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துக் கேட்பதில் இந்தக் கணக்கும் அடக்கம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் தடைசெய்கிறது. அதன்படி கடன்பட்டவர் தர வேண்டிய பணத்தை நீதிமன்றத்திலேயே கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியக் கேட்கலாம். பலருக்கும் தெரியாத வழி இது.

வங்கிக் கடனுக்கு ஒரே தவணைத் தீர்வு பேசலாம். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் அது முழுதாகக் கட்டியதாக ஏறாது, 'செட்டில்டு' என்றே ஏறும். மக்கள் நீதிமன்றத்தில் செலவு இல்லை. ஆனால் அங்கே சமரசமாகிக் கையெழுத்திட்ட பின் மேல்முறையீடு கிடையாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கை அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.