கம்பெனி சுயம்புவா?

“கம்பெனிக்காரன் போட்ட பணம், அவன் லாபம், அதைக் கேட்க நமக்கென்ன பாத்தியம்?” என்று நாகமலை புதுக்கோட்டையிலும் மதுரைச் சுற்றுப்புறத்திலும் படித்தவர்களே பேசுகிறார்கள். கல்தச்சனை மறைத்துவிட்டுக் கல்லைச் சுயம்பு என்பது போலத்தான் இதுவும். இந்தச் சுயம்புவைச் செதுக்கினவன் யார் என்று பார்ப்போம்.

1600-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, கம்பர்லாண்டு பிரபுவுக்கும் லண்டன் வியாபாரிகள் இருநூற்றுச் சில்லரை பேருக்கும் எலிசபெத் ராணி ஒரு பட்டயம் கொடுத்தாள். கிழக்கு நாட்டு வியாபாரம் 15 வருஷத்துக்கு அவர்களுக்கே சொந்தம். வேறு ஆங்கிலேயன் நுழையக்கூடாது. ஆனால் அதனால் ராஜ்யத்துக்கு நன்மையில்லை என்று கண்டால் இரண்டு வருஷ நோட்டீஸில் ரத்து! ஆகவே பொதுநன்மை என்பது நாம் இன்று கிளப்பும் புதுச் சங்கதியல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாதகத்திலேயே (நமக்கு ஜாதகத்தில் நம்பிக்கையில்லை என்றாலும்) அது எழுதப்பட்டிருக்கிறது.

யாருடைய நன்மை என்பதுதான் கேள்வி. 1801-ல் கம்பெனியின் கைக்கு வந்த மதுரைச் சீமைக் குடியானவன் அந்தக் கணக்கிலேயே இல்லை. 1833-ஆம் வருஷத்து வேடிக்கையைக் கேளுங்கள். பார்லிமெண்டு சட்டம் செய்து கம்பெனியின் வியாபாரத்தை நிறுத்திற்று. கடையை மூடினால் லாபமும் நிற்க வேண்டாமா? நிற்கவில்லை! பங்குக்காரர்களுக்கு நூற்றுக்கு 10½ வீதம் இந்திய வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டுமென்று அதே சட்டம் சொல்லிற்று. அந்த வருமானத்தில் பெரும்பகுதி நிலவரி. வைகைப் பாசனத்தில் உழுதவன் கட்டிய கிஸ்தியும் அதில் சேர்ந்தது. 1858-ல் கம்பெனியின் ஆட்சியும் போயிற்று. பங்கு லாபம் மட்டும் போகவில்லை. 1874-ல்தான் 100 பவுன் பங்குக்கு 200 பவுன் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். செத்த வியாபாரத்துக்கு ஏறக்குறைய 40 வருஷம் திதி கொடுத்தவன் நம் பாட்டன். அரிசி, காய் வாங்கிப் போனவன் லண்டனில் இருந்தான்.

இன்று ராணியின் பட்டயமில்லை, ரிஜிஸ்டர் செய்தால் போதும். ஆனால் சலுகை குறைந்ததா? கம்பெனி முழுகினால் பங்குக்காரன் போட்ட பங்கோடு சரி; அவன் வீட்டைக் கடன்காரன் தொட முடியாது. குடியானவன் தவணை தவறினால் மனைவியின் தாலிக்கொடியும் ஏலத்துக்குப் போகிறது! இந்தச் சலுகை சட்டம் கொடுத்தது, சட்டம் ஜனங்களுடையது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதமாவது சமூக காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதைத் தர்மமென்று பலகையில் எழுதி மாலை போட்டுக்கொள்ளுகிறார்கள். தோழர்களே, வாடகை கொடுப்பவனை எங்கேனும் தர்மப்பிரபு என்பார்களா?