துணி தெரியாத துணி விளம்பரம்

ஒரு ஜவுளி முதலாளியிடம் போய், 'சார், உங்க கோட்டை போட்டோ எடுத்திருக்கேன். பட்டன் தெரியாது, பாக்கெட் தெரியாது, துணி என்ன ரகம்னும் தெரியாது. போட்டிருக்கிற பொண்ணோட முகம்கூட சரியாத் தெரியாது' என்று சொல்லிப் பாருங்கள். காபி வருவதற்குள் வாசலில் நிற்பீர்கள்.

1986-ல் யோஜி யமமோட்டோ என்ற ஜப்பானிய டிசைனர் இதற்குக் காசு கொடுத்தார். அந்த வருடக் குளிர்கால உடைகளுக்கான கேட்டலாக் அது. அதில் ஒரு படம் ரொம்பப் பிரசித்தம். வெளிறிய பின்னணி. பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள் ஒரு பெண். மசியைக் கொட்டி வரைந்தாற்போல் மொத்தமும் கருப்பு. இடுப்புக்குப் பின்னால் மட்டும் வலைத்துணியில் ஒரு பஸ்ஸில் செக்கச்செவேலென்று வெடித்துக்கொண்டு கிளம்புகிறது. (பஸ்ஸில் என்றால், 19-ம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் பாவாடையின் பின்பக்கத்தை எடுப்பாகக் காட்ட உள்ளே வைத்துக்கொண்ட சமாசாரம். பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்தச் சிவப்பை விரலால் மறைத்துவிட்டால் மிச்சம் சுத்தமான கருப்பு வெள்ளை.

எடுத்தவர் நிக் நைட் என்ற இங்கிலாந்துக்காரர். அப்போது முப்பதைத் தொடவில்லை. அதற்கு முன் அவர் பெயர் சொல்லும் வேலை, லண்டனின் ஸ்கின்ஹெட் மொட்டைத்தலைப் பையன்களைப் பற்றி 1982-ல் போட்ட புத்தகம். பிறகு 'ஐ-டி' பத்திரிகையின் ஐந்தாம் ஆண்டுக்காக நூறு பேரைக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் யோஜியின் ஆர்ட் டைரக்டர் மார்க் அஸ்கோலி ஆளைக் கூப்பிட்டார். பக்கங்களை வடிவமைத்தவர் பீட்டர் சாவில், ஜாய் டிவிஷன் இசைத்தட்டு உறைகளுக்குப் பேர்போனவர். மொட்டைத்தலை ஆளும் இசைத்தட்டு ஆளும் சேர்ந்து பெண்கள் உடைக்கு கேட்டலாக்!

கருப்புத் துணியை போட்டோ பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காமிரா மீட்டர் ஒரு மக்கு. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். அதை நம்பிக் கருப்புக் கோட்டை எடுத்தால் கோட்டு வெளுத்துப்போய் பழைய குடைத்துணி மாதிரி வரும், முகம் சுண்ணாம்பாகிவிடும். சரி, முகத்துக்கு அளவு வைக்கலாம் என்றால் கோட்டு இருட்டில் முழுகிவிடும். எல்லாரும் கூடுதலாக நாலு விளக்கு வைத்து இதைச் சமாளிப்பார்கள். நைட் 'முழுகட்டும்' என்று விட்டுவிட்டார். மடிப்பும் தையலும் போய், மிஞ்சியது வெளிக்கோடு மட்டும். தோள் எங்கே சரிகிறது, துணி உடம்பை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பது தெரிகிறதே, யோஜியின் சரக்கே அதுதான்.

1981-ல் அவர் பாரிஸில் முதல்முறை ஷோ நடத்தியபோது அந்த ஊரில் அகலத் தோள், ஒட்டிய இடுப்பு, குதிகால் செருப்பு, பளபளா கலர். இவரும் ரெய் கவகுபோ என்ற அம்மாளும் கருப்பாக, தொளதொளவென்று, ஓரம் பிசிறிய துணிகளோடு வந்து நின்றார்கள். சிலர் அதற்கு 'ஹிரோஷிமா சிக்' என்று பேர் வைத்தார்கள். எவ்வளவு நாகரிகமான நக்கல் பாருங்கள்!

யோஜி பிறந்தது 1943-ல். அப்பாவை யுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அம்மா ஃபூமி டோக்கியோவின் கபுகிசோ பேட்டையில் தையல் கடை வைத்துப் பையனைக் கேயோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வைத்தார். பையன் 1966-ல் டிகிரியோடு வந்து கடையிலேயே இருந்துவிடுகிறேன் என்றான். எந்த அம்மாவுக்குத்தான் கோபம் வராது? கோபம் ஆறியதும், வருவதானால் ஒழுங்காக வெட்டக் கற்றுக்கொண்டு வா என்று தையல் கல்லூரிக்கு அனுப்பினார்.

கபுகிசோ கேளிக்கை விடுதிகள் நிறைந்த இடம். கடைக்கு வந்த பெண்கள் கேட்டதெல்லாம் இறுக்கமான கவுன், ஆண்கள் கண்ணுக்கு ஏற்றாற்போல். பையனுக்கு அது பிடிக்கவில்லை. ஆண்பிள்ளைக் கோட்டைப் பெண்ணுக்குப் போட்டு, குளிரிலிருந்தும் பார்வையிலிருந்தும் அவள் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தான். மறைப்பதற்கென்றே வெட்டிய கோட்டு அது. அதை விளக்குப் போட்டு உருவிக் காட்டியிருந்தால்தான் பொய்ப் படம். ஃபேஷன் போட்டோ என்றதும் நாமெல்லாம் எதைத் தேடிப் பக்கம் புரட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இதில் அதற்கு வழியே இல்லை. நைட் கதவைச் சாத்திவிட்டார்.

விம் வெண்டர்ஸ் 1989-ல் யோஜியைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்தார். அதில் யோஜி ஆசையாகப் புரட்டுவது ஃபேஷன் புத்தகத்தை அல்ல, ஆகஸ்ட் சாண்டர் என்ற ஜெர்மன்காரர் எடுத்த பழைய கருப்பு வெள்ளைப் படங்களை. விவசாயி, சமையல்காரர், செங்கல் சுமப்பவர் என்று ஒரு தேசத்தையே நிற்கவைத்து எடுத்தவர் சாண்டர். (1929-ல் வந்த அவர் புத்தகத்தின் அச்சுத் தகடுகளை நாஜிகள் 1936-ல் அழித்தார்கள். நிஜ மூஞ்சிகள் என்றால் அவர்களுக்கு ஆகாது.) அந்த மனிதர்களின் முகம், தொழில், சட்டை மூன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் யோஜிக்கு வியப்பு. குளிருக்கு ஒரே கோட்டு வைத்திருந்தவனுக்கு அந்தக் கோட்டு வீடு மாதிரி என்கிற அர்த்தத்தில் பேசுகிறார்.

இங்கே பி.காம். படித்தவன் குறுக்கே வருகிறேன். செங்கல் சுமந்தவனின் ஒற்றைக் கோட்டுக்கு ஏங்கித் தைத்த கோட்டை, செங்கல் சுமப்பவன் ஒரு வருஷச் சம்பளத்தை எடுத்துவைத்தாலும் வாங்க முடியுமா என்பது சந்தேகம். வாங்குகிறவர் பீரோவில் ஏற்கெனவே இருபது தொங்கும். இந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவே இல்லை. அவருக்கும் ஆகவில்லை போலிருக்கிறது, வேறு விதத்தில். 2009 அக்டோபரில் கம்பெனி கடனில் மூழ்கி கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு முதலீட்டு நிறுவனம் கைகொடுத்துத் தூக்கிவிட்டது.

எண்பது வயதைத் தாண்டியும் பாரிஸில் ஷோ நடத்தினார். ஷோ முடிந்ததும் மேடைக்கு வந்து தலை குனிந்து ஒரு கும்பிடு. கருப்புத் தொப்பி, கருப்பு காபர்டீன்.