சர்க்கரையைத் தூண்டிலாகப் போட்டுக் கிருமியைப் பிடிக்கலாம்!

உங்கள் வீட்டு அலமாரியில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா? இருக்கும். மிக்ஸி, குக்கர் மாதிரி அதுவும் இப்போது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. விரலில் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு, சில விநாடியில் எண். அந்தச் சின்னப் பட்டைக்குள் என்னதான் நடக்கிறது?

ஒரு நொதி, அதாவது என்சைம், அதில் காய வைத்துத் தடவப்பட்டிருக்கிறது. ரத்தத்தில் வரும் குளுக்கோஸிலிருந்து அது எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. பக்கத்தில் இருக்கும் மின்முனை அதை மின்னோட்டமாக அளக்கிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். 1962-ல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்ட விதை இது. 1987-ல் பேனா அளவுக்குச் சுருங்கி வீட்டுக்கு வந்துவிட்டது.

இதையே தலைகீழாக யோசித்துப் பாருங்கள். பட்டையில் நொதி காத்திருக்கிறது, சர்க்கரை வருகிறது என்பதற்குப் பதிலாக, சர்க்கரை காத்திருக்கட்டும், கிருமியின் நொதி தேடி வரட்டும்! சர்க்கரை பூசிய மின்முனைகளை வைத்து விஞ்ஞானிகள் செய்வது இதைத்தான்.

கிருமிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஓணத்துக்கு எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கம் சர்க்கரை உப்பேரி செய்வார்கள். நேந்திரங்காய்த் துண்டைப் பாகு மூடியிருக்கும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் அப்படித்தான், மேலே சர்க்கரைப் போர்வை போர்த்தியிருக்கிறது. காப்பியில் போடுகிற சர்க்கரை அல்ல, பல வகைச் சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்தது. அந்தச் சங்கிலியின் நுனியில் பெரும்பாலும் சியாலிக் அமிலம் உட்கார்ந்திருக்கும். பெயரில் அமிலம் இருந்தாலும் அதுவும் சர்க்கரைக் குடும்பம்தான்.

இன்ஃபுளூயன்சா வைரஸ் தொண்டையில் நுழைந்ததும் இந்தச் சியாலிக் அமிலத்தைத்தான் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் போகிறது. உள்ளே பெருகி, குஞ்சு வைரஸ்கள் வெளியே வரும்போது ஒரு சிக்கல். அதே சர்க்கரையில் அவையும் ஒட்டிக்கொள்கின்றன! அறுத்துக்கொண்டு போக ஒரு கத்தரி வேண்டுமே? அந்தக் கத்தரிதான் நியூராமினிடேஸ் என்ற நொதி. 2009-ல் உலகையே மிரட்டிய பன்றிக்காய்ச்சலுக்கு ‘எச்1என்1’ என்று பெயர் வைத்தார்களே, அதில் வரும் ‘என்’ இந்தக் கத்தரிதான். டாமிஃபுளூ மாத்திரையின் வேலை இந்தக் கத்தரியின் வாயை அடைப்பது.

அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூரி ஐயர் என்ற வேதியியலாளரின் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. சியாலிக் அமிலத்தோடு குளுக்கோஸை முடிச்சுப் போட்டு வைத்தார்கள். வைரஸ் இருந்தால் அதன் கத்தரி முடிச்சை வெட்டும், குளுக்கோஸ் விடுபடும். அதை அளக்க, கடையில் கிடைக்கும் சாதாரண சர்க்கரைப் பட்டையின் தத்துவமே போதும்! நிமோனியா பாக்டீரியா போன்ற வேறு கிருமிகளிடமும் இதே மாதிரிக் கத்தரி உண்டு என்பதால், ஃபுளூ வைரஸ் மட்டும் வெட்டும்படி சர்க்கரையைச் சற்று மாற்றியும் அமைத்தார்கள். வேறு சில ஆய்வகங்களில் சர்க்கரையை மின்முனை மேலேயே நட்டுவிடுகிறார்கள். நொதி வந்து கை வைத்ததும் மின்சாரம் மாறும்.

இதில் இன்னொரு வசதி. அதே கலவையில் மருந்தையும் சேர்த்துப் பார்க்கலாம். கத்தரி நின்றால் மருந்து கேட்கிறது, தொடர்ந்து வெட்டினால் கேட்கவில்லை. 2008-09-ல் அப்போது பரவிய சாதாரணப் பருவ எச்1என்1 வைரஸ் பல நாடுகளில் டாமிஃபுளூவுக்கு மசியாமல் போனது. இப்போது கிடைக்கும் உடனடி அட்டைச் சோதனை கிருமி இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். மருந்து கேட்குமா என்று சொல்லாது.

இதைச் சொன்னதும் என்னிடம் வந்த ஒரு அம்மா, “வைத்தியரே, அப்போ சுகர் பாக்கிற மெஷின்லயே வீட்டில பாத்திரலாம்லா!” என்றார். வேண்டாம் தாயே! மூக்குச்சளியைக் குளுக்கோமீட்டர் பட்டையில் தடவினால் பட்டைதான் வீண். இந்தச் சோதனைக்கு அந்த விசேஷ சர்க்கரை வேண்டும். அது நம் கடைகளுக்கு வரவில்லை.

சரி, சித்த வைத்தியனான எனக்கு இதில் என்ன அக்கறை?

“நாடி பார்த்தால் போதாதா, நமக்கு எதுக்கு இந்த மெஷினெல்லாம்?” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நாடி, வளி அழல் ஐயம் மூன்றின் நிலையைச் சொல்லும். உள்ளே இருப்பது எந்த வைரஸ் என்று சொல்லாது. சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதம் பார்த்து நோய் கணித்த தேரையரின் பரம்பரை நாம். அவர் கையில் இந்தப் பட்டை கிடைத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாரா?

டெங்குக் காலங்களில் நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கபசுரக் குடிநீரும் அரசே விநியோகித்தது. நானும் கொடுத்தேன், இன்றும் கொடுக்கிறேன். ஆனால் ‘வைரஸையே கொல்லும்’ என்று கடைப் பலகையில் எழுதுகிறார்களே, அதில் எனக்குச் சம்மதமில்லை. கொல்கிறதா, கத்தரியை அடைக்கிறதா, உடம்பின் சூட்டை மட்டும் தணிக்கிறதா? சோதிக்காமல் யார் சொல்ல முடியும்? கபசுரத்தில் 15 சரக்குகள். அதில் கடுக்காய்த்தோல் ஒன்று. கடுக்காயின் துவர்ப்பு தோல் பதனிடவே உதவுவது. எந்த நொதியைக் கண்டாலும் அதன் மேல் படிந்து முடக்கப் பார்க்கும். ஆகவே சோதனைக் குழாயில் கத்தரி நின்றுவிட்டது என்பதற்காக நோயாளிக்கும் குணமாகும் என்று குதிக்கக் கூடாது. போதாக்குறைக்கு, துவர்ப்புச் சத்துகள் மின்முனையில் தாங்களே மின்சாரம் கிளப்பிக் குழப்பும். துவர்ப்பை நீக்கியும் நீக்காமலும் இரண்டு விதமாக அளந்து, பிறகு நோயாளிகளிடமும் முறையாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதற்கு அட்லாண்டா போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி ரயில் பயணம்தான். மின்முனை தெரிந்தவரும் குடிநீர் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ இருக்கிறதே, எங்கள் பக்கம் தக்கோலம் என்பார்கள், அதிலிருந்து எடுத்த ஷிகிமிக் அமிலத்தை மூலப்பொருளாக வைத்துத்தான் டாமிஃபுளூவையே தயாரித்தார்கள். (உடனே அன்னாசிப்பூக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்! அது டாமிஃபுளூ ஆகாது. பல ரசாயன மாற்றங்களுக்குப் பிறகே மருந்தாகிறது. பார்வைக்கு அதே போலிருக்கும் ஜப்பான் வகை விஷமும்கூட.)

எங்கள் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு மழைக்கும் வீட்டுக்கு வீடு இருமல், காய்ச்சல். நாலு நாள் சுக்குக் கஷாயம், பிறகு கடையில் தானாகக் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக், ஆறாம் நாள் என்னிடம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? ஃபுளூ மருந்தோ முதல் 2 நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். சர்க்கரைப் பட்டை வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது, காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வைப்பது. முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, நீரிழிவுக்காரர் என்றால் கஷாயத்தோடு காத்திருக்காமல் முதல் நாளே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ என்னிடம் வராதீர்கள், நேரே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.