முட்டை ஓடு: 'கால்சியம்' என்பதோடு பாடம் முடிந்துவிடுமா?



முட்டை ஓடு எதனால் ஆனது என்று கேட்டால், நம் மாணவர்கள் தயங்காமல் 'கால்சியம்' என்பார்கள். நாமும் சரி போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறோம். விடை தவறன்று. ஆனால், அறிவியல் தொடங்க வேண்டிய இடத்திலேயே பாடம் முடிந்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

கோழிமுட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டு. பத்துமலையின் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் அதே பொருள்தான். மலையாய் நிற்கும் அப்பொருள், கோழியின் வயிற்றுக்குள் சுமார் 20 மணி நேரத்தில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் சீரான ஓடாக அமைவது எப்படி?

ஓட்டில் மிகச் சிறு பங்கே உள்ள புரதங்கள்தாம் அந்த வேலையை நடத்துகின்றன. முட்டையின் வெளிச்சவ்வின்மேல் புரதத் திரள்கள் புள்ளி புள்ளியாய் அமைந்திருக்கின்றன. சுண்ணகம் முதலில் படிவது அப்புள்ளிகளில்தான். ஒழுங்கற்ற துகளாய் வருவது, பின்னர் ஒழுங்கான படிகமாகிறது.

ஓவோக்ளெய்டின்-17 என்னும் புரதத்தைப் பிரிட்டனின் வார்விக், ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் மீத்திறன் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தனர். அது துகளைப் பற்றிக்கொண்டு படிகமாக மாறத் தூண்டுகிறது; படிகம் வளர்ந்ததும் விலகிக்கொள்கிறது. செய்தித்தாள்களோ 'கோழிதான் முதலில் வந்தது' என்று தீர்ப்பெழுதி மகிழ்ந்தன!

2018-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் ஆஸ்டியோபாண்டின் என்னும் மற்றொரு புரதத்தின் பங்கை விளக்கினர். அது மிகுந்த இடத்தில் ஓட்டின் நுண்ணமைப்பு சிறுத்து, ஓடு கடினமாகிறது. வெளிப்புறம் அவ்வாறு உறுதியாய் நிற்க, உட்புறமோ அடைகாக்கும் காலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து குஞ்சின் எலும்புக்குச் சுண்ணகம் தருகிறது. காக்கும் சுவரே உணவுமாகிறது!

கல்லும் மண்ணும் குவித்துவிட்டால் வீடு எழும்பிவிடுமா? கொத்தனார் வேண்டாமா? இந்த ஒரு கேள்வி போதும், மாணவரைச் சிந்திக்க வைக்க.

முட்டையை வினிகரில் ஊறவைக்கும் சோதனையை நம்மில் பலரும் செய்கிறோம். குமிழி வந்தது, ஓடு கரைந்தது என்று எழுதி முடித்துவிடுகிறோம். எஞ்சி நிற்கும் சவ்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'இது ஏன் கரையவில்லை? ஓடு எங்கிருந்து வளரத் தொடங்கியது?' என்று கேளுங்கள். பெற்றோர்கள் இதை வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம். செலவு ஒரு முட்டைதான்.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலாது என்பாரும் உளர். புரதம், சவ்வு, படிகம் ஆகிய மூன்று சொற்களைக் கொண்டே மேலே முழுவதையும் சொல்லிவிட்டேன்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஒரு சொல் விடையோடு நின்றுவிடும் பழக்கம் மட்டும் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. 'எது' என்று கேட்பதோடு நில்லாமல், 'எப்படி' என்றும் கேட்கப் பழக்குவோம். அந்தப் பொறுப்பு பள்ளிக்கும் உண்டு, வீட்டிற்கும் உண்டு.

சிந்திப்போம், செயல்படுவோம்.