சோதனைக் குழாயும் டெண்டர்ப் பெட்டியும்



2025 ஜூன் மாதத்தில் மத்திய நிதி அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆராய்ச்சிக்கான கருவிகளையும் இரசாயனங்களையும் 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் அதனால் தளர்ந்தது. விலைப்புள்ளி கேளாமல் நேரே வாங்கும் வரம்பு 1 இலட்சம் ரூபாயிலிருந்து 2 இலட்சமாக உயர்ந்தது. கொள்முதல் குழு கூடி வாங்கும் வரம்பு 10 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாயிற்று. 2020 மே மாதம் முதல் 200 கோடி ரூபாய்க்குட்பட்ட உலக டெண்டர்களுக்கு இருந்த தடைக்கும் வழி பிறந்தது. இனித் துணைவேந்தரும் இயக்குநருமே அதற்கு அனுமதி தரலாம்.

செய்தி வந்த அன்று விடுதியில் மிட்டாய் வழங்காததுதான் குறை. மகிழ்ந்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சலுகை யாருக்கு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1950-இல் தோன்றியது, மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. அதற்கு இந்த ஆணை பொருந்தும். அதே ஊரில் மானச கங்கோத்ரி இருக்கிறது. அது மாநிலப் பல்கலைக் கழகம். அதன் கொள்முதலை ஆள்வது 1999-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைச் சட்டம். ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே நொதி. ஒரு கட்டடத்தில் வேண்டியவுடன் வாங்கலாம். மறு கட்டடத்தில் கோப்பு நடந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு நண்பர்களும் நம்மைப் பார்த்து இரங்கத் தேவையில்லை. டெண்டர் வெளிப்படைச் சட்டத்தை 1998-இல் நாட்டிலேயே முதலில் இயற்றியது அவர்கள் மாநிலந்தான். நாம் இரண்டு வீட்டுக்காரரும் ஒரே ஓடத்தில்தான் இருக்கிறோம்.

டெண்டர் என்றால் தீது என்று நான் வாதிட வரவில்லை. நாற்காலி வாங்கவும், சுண்ணாம்பு அடிக்கவும், விடைத்தாள் அச்சிடவும் அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. நாற்காலிக்கு நாலு கால்; எவன் செய்தாலும் உட்காரலாம். ஆய்வுக்கூடத்துப் பொருள் அப்படிப்பட்டதன்று. நொதி என்பது பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகையில் உறங்க வேண்டிய பொருள். குறைந்த விலைக்காரர் அதைச் சாதாரணப் பெட்டியில் அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும்; விலைப்பட்டியில் மட்டும் உயிரோடிருக்கும். 'ஆன்டிபாடி' என்று ஒன்று இருக்கிறது. பெயரும் அளவும் ஒன்றேயாயினும் ஒரு கம்பெனியின் சரக்கு இன்னொரு கம்பெனியின் சரக்காகாது. சென்ற ஆண்டு கிடைத்த முடிவை இந்த ஆண்டு சரிபார்க்க வேண்டுமானால் அதே சரக்கு வேண்டும். "ஏன் அதே கம்பெனி? உமக்கு என்ன உறவு?" என்று கணக்கர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயமே. அவருக்குத் தணிக்கை உண்டு. தனியுரிமைப் பொருள் என்று சான்று கொடுத்து வாங்க விதியில் இடம் இருப்பதும் உண்மை. அந்தச் சான்றில் கையெழுத்திட்ட பேராசிரியர் நாளை விசாரணைக்கு ஆளாவோமோ என்று அஞ்சிக்கொண்டேயிருக்கிறார். ஆகவே பலர் சான்றும் எழுதுவதில்லை, பொருளும் கேட்பதில்லை. எளிய ஆராய்ச்சி எதுவோ அதைச் செய்துவிட்டுப் போகிறார்கள். விதி எங்கும் எழுதாத தண்டனை இது.

இளநிலை படித்த காலத்தில் (வேறோர் ஊரில், பெயர் வேண்டாம்) என் தோழி ஒருத்தி கரும்புச் சக்கையிலிருந்து நொதி பிரிக்கத் திட்டமிட்டாள். ஜூலையில் எழுதிக் கொடுத்த பொருள் மார்ச்சில் வந்தது. அதற்குள் அவள் தலைப்பை மாற்றி, நூலகத்தில் கிடைத்த கட்டுரைகளைத் தொகுத்து அறிக்கை எழுதி முடித்துவிட்டாள். அவளுடைய வகுப்பிலேயே வசதியுள்ள இருவர் சொந்தக் காசில் பெங்களூரிலிருந்து வரவழைத்துச் சோதனை செய்தார்கள். அரசுக் கல்லூரி என்பது காசில்லாதவனும் படிக்கட்டும் என்று எழுந்த இடம். அங்கேயே காசுள்ளவன் சோதனை செய்கிறான், இல்லாதவன் கட்டுரை தொகுக்கிறான் என்றால், இதைக் கணக்குப் பிரிவின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியுமா?

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். 2021-இல் பீகாரின் மகத பல்கலைக் கழகத் துணைவேந்தர் வீட்டில் கண்காணிப்புப் பிரிவு சோதனை நடத்திற்று. விடைத்தாளும் மின்நூலும் வாங்கியதில் பல கோடி முறைகேடு என்பது குற்றச்சாட்டு. நம் இனத்தின் பெருமை என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகம்? 1929-இல் தோன்றித் தன் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொண்டது. நிதி நெருக்கடி முற்றிச் சம்பளத்துக்கே தட்டுப்பாடு வந்து, 2013-இல் தமிழக அரசு அதை ஏற்க நேர்ந்தது. சுதந்திரத்தைக் கேட்பவர்கள் இந்த இரண்டையும் மறைத்துப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மகதத்தில் விதிகளே இல்லாமலா போயின? விதிகள் இருந்தன, குற்றச்சாட்டும் எழுந்தது. வாங்குமுன் பத்துக் கையெழுத்து வாங்குவதால் களவு நிற்பதில்லை. பத்துக் கையெழுத்தும் தெரிந்தவனுக்கு அது ஏணியாகிறது. தெரியாத இளம் பேராசிரியருக்கே அது வேலியாகிறது.

எங்கள் குடும்பம் சேலம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய் மார்டள்ளியில் தங்கியது. அந்த ஊர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. அரசு மாறிற்று, சட்டம் மாறிற்று. எங்கள் தெருவில் திருவிழாக் கணக்கு வாசிக்கும் முறை மட்டும் மாறவில்லை. பந்தலும் விளக்கும் அரிசியும் வாங்க நாலு பேரை நியமிப்பார்கள். எங்கே வாங்குவது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. விழா முடிந்தபின் எல்லோர் முன்னும் கணக்கு வாசிக்க வேண்டும். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூடியிருந்தாலும் எங்கள் கிழவிகள் விடமாட்டார்கள்! முன்னே நம்பிக்கை, பின்னே கேள்வி. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இந்த வழிதான். மத்திய அரசின் மானியத்தில் 10,000 டாலர் வரை விலைப்புள்ளி கேளாமல் வாங்கலாம் என்றும், தணிக்கையில் நற்பெயருள்ள நிறுவனம் தானே சான்றளித்து அதை 50,000 டாலர் வரை உயர்த்திக்கொள்ளலாம் என்றும் 2020-இல் விதியைத் திருத்தினார்கள். ஒழுங்காக நடந்தவனுக்கு உரிமை கூடுகிறது. நம் நாட்டில் ஒருவன் திருடினால் நூறு பேருக்குப் படிவம் கூடுகிறது.

1918 முதல் 1921 வரை மைசூரில் தத்துவம் போதித்த டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பல்கலைக் கழகக் குழு கூடியது. அரசு உதவுவது வேறு, கல்விக் கொள்கையை அரசு ஆள்வது வேறு என்று அக்குழு அன்றே பிரித்துக் காட்டியது. பாடத்திட்டத்தில் உரிமை தந்துவிட்டுப் பாடத்துக்கு வேண்டிய பொருளில் உரிமையைப் பிடித்து வைத்தால், தந்தது என்ன? பணத்தின் கதையும் இதில் உண்டு. அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவிகிதமாக இருந்த சரக்கு சேவை வரி 2022 ஜூலை முதல் 18 ஆயிற்று. ஒரு கையால் மானியம், மறு கையால் வரி.

புதுச் சட்டம் எழுத வேண்டியதில்லை. கர்நாடகச் சட்டத்தின் 4(ஜி) பிரிவே, குறிப்பிட்ட கொள்முதல்களுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்க இடம் தருகிறது. பெரிய பெரிய வேலைகளுக்கு அந்த விலக்கைக் கேட்கிறவர்களைப் பற்றி நாளேட்டில் படிக்கிறோம். நொதிக்கும் ஆன்டிபாடிக்கும் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலும். மத்திய ஆணையின் வரம்புகளையே மாநிலப் பல்கலைக் கழக ஆய்வுக்கூடங்களுக்கும் அறிவிக்கலாம். அதற்கு ஈடாக, வாங்கிய பொருள், விலை, கடை, கேட்ட தேதி, வந்த தேதி ஆகியவற்றைத் துறை வாசலில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும். ஒட்டாத துறைக்கு அந்த உரிமை நிற்கட்டும்.

நம் சங்கம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பொங்கல் விழாவுக்கு முன் ஒவ்வொரு அறிவியல் துறையிலிருந்தும் ஒரு மாணவர், சென்ற இரண்டாண்டில் கேட்ட பொருளின் தேதியையும் வந்த பொருளின் தேதியையும் குறித்துத் தரட்டும். துறை தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; பத்து ரூபாய்தான் கட்டணம். கன்னட மாணவர் சங்கத்தாரையும் இதில் சேர்த்துக்கொள்வோம். அவர்களுடைய நொதியும் வழியில்தான் சாகிறது. உயிர்வேதியியல் துறைக் குறிப்பை நான் எடுக்கத் தொடங்கிவிட்டேன். தாவரவியலுக்கும் இயற்பியலுக்கும் ஆள் வேண்டும். வருபவர் ஞாயிறு மாலை சங்க அறையில் என்னைப் பார்க்கலாம்.