வெயிலுக்குச் செதுக்கியது

பக்கத்து ஊர்த் தேருக்கு மறுபடியும் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். போன வாரம் திருப்பணிக் குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள் நன்கொடைப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். "பெரியவங்க நீங்க முதல்ல எழுதணும்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். என் தயக்கத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் அதே கோயில் குழுவில் நானும் இருந்தேன். அரசு அலுவலகத்தில் எழுத்தர் என்றால் ஊரில் எந்தக் குழுவானாலும் தீர்மான நோட்டு நம் கைக்குத்தான் வரும். அன்றைய தீர்மானம், தேரின் சித்திரப் பலகைகளுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது. எல்லோரும் சரி என்றார்கள். தேரைப் பழுதுபார்க்க வந்திருந்த வயதான தச்சர் மட்டும் எழுந்து, "ஐயா, இது வெயிலுக்குச் செதுக்கினது. பெயிண்ட்டுக்குச் செதுக்கினது இல்லே" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் குழு உறுப்பினர் அல்ல என்பதால் அவர் சொன்னதை நான் நோட்டில் ஏற்றவில்லை. "தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. புரிந்த இடமும் வேடிக்கையானது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். புடைப்புச் சிற்பத்துக்கு 'பா-ருலியேஃப்' என்ற சொல்லைப் பள்ளியில்தான் கற்றேன். புத்தகத்தில் இருந்ததெல்லாம் பாரிஸ் நகரப் படங்கள். அந்த வயதிலேயே அப்பா என்னை வில்லியனூர்த் தேருக்குத் தூக்கிக்கொண்டு போவார். பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்தத் தேரில் இருப்பதும் 'பா-ருலியேஃப்'தான் என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா மகன் அழைத்ததால் பாரிஸ் போனேன். பழைய ரயில் நிலையம் ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்கள், ஓர்சே என்று பெயர். அங்கே போல் கோகேன் செதுக்கிய மரப்பலகைகளைப் பார்த்தேன். ஓவியராகத்தான் அவரை உலகம் அறியும். பசிபிக் கடலில் மார்க்கேசாஸ் தீவுகளில் ஒன்றான ஹிவா ஓவாவில், கடைசிக் காலத்தில் தான் கட்டிய குடிலின் வாசலைச் சுற்றிப் பதிக்க இந்தப் பலகைகளை அவரே செதுக்கினார். 1901, 1902 வாக்கில். 1903-ல் இறந்துபோனார். சாமான்களை ஏலம் விட்டபோது, விக்டர் செகாலேன் என்ற கடற்படை டாக்டர் பலகைகளை வாங்கிக் காப்பாற்றினார். கோகேன் அந்தத் தீவுகளில் வாழ்ந்த வாழ்க்கையை நான் மெச்சவில்லை. பலகைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

செக்கோயா என்ற சிவந்த மரம். பெண் உருவங்கள், இலைகள், சில எழுத்துகள். உளி போன தடம் அப்படியே தெரிகிறது. அதன் மேல் வண்ணமும் இருக்கிறது. ஆனால் மரத்தின் நிறத்தையும் ரேகையையும் அது மூடவில்லை. செதுக்கியவரே வண்ணமும் போட்டார். எங்கே வெட்டு பேச வேண்டும், எங்கே நிறம் பேச வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். அந்தப் பலகை முன்னால் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் தச்சர்தான்.

மரத்தில் வண்ணம் பூசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் கோயில் வாகனங்களைப் பாருங்கள். அன்னம், மயில், குதிரை எல்லாம் மரம்தான். அவை வண்ணத்துக்காகவே செய்தவை. உற்சவத்துக்கு முன் வர்ணம் புதுப்பித்தால் அவற்றுக்கு அழகுதான்.

தேர்ப் பலகை அப்படியல்ல. இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற மரத்தில் உருவத்தை ஆழமாக வெட்டிப் பின்னணியை உள்ளே தள்ளியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் விழும் நிழல்தான் அதற்கு வண்ணம். தேர் வீதி சுற்றும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் வெயில் வேறு பக்கமாக விழும். யாளியின் முகம் மாறும், நடனமாடுபவளின் இடுப்பு அசைவது போல் இருக்கும். எனாமல் போட்டால் எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கும். நகக்கணு, அட்டிகை, மடிப்பு போன்ற நுணுக்கமான வெட்டுகளில் பெயிண்ட் தேங்கி நின்று தூர்ந்துபோகும்.

"பெயிண்ட் மரத்தைக் காப்பாற்றுமே?" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வெயிலில் எனாமல் வெடிக்கும். வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. மேலே பளபளப்பு, உள்ளே உளுப்பு. பழைய முறைப்படி சுத்தம் செய்து எண்ணெய் பூச வேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உண்மையில் நமக்கு அலுப்பு அங்கேதான்.

கலரில் இருந்தால்தான் பிள்ளைகளுக்குச் சாமி அடையாளம் தெரியும் என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு அடையாளம் காட்டியது பெயிண்ட் அல்ல. தோளில் தூக்கிவைத்து, "இது பிட்சாடனர், இது காளி" என்று விரலால் தொட்டுக் காட்டிய அப்பா.

பூசியதை எடுப்பதிலும் அவசரம் கூடாது. காஸ்டிக் சோடா போட்டுக் கழுவினால் மரத்தின் நார் கெடும். உப்புத்தாள் போட்டால் சிற்பமே தேயும். தெரிந்தவரை வைத்து, ஒரு பலகையில் சோதித்து, மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். பத்து வருஷம் ஆனாலும் ஆகட்டும். இதுவரை அடித்தது போதும், இன்னொரு பூச்சு வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அந்தத் தச்சர் இன்று இல்லை. நாளை அந்தப் பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்க்கும் தச்சர் கூலிக்கும் என்றால் என் ஒரு மாத ஓய்வூதியம் தருகிறேன், எனாமலுக்கு என்றால் ஒரு ரூபாயும் இல்லை என்று சொல்லப் போகிறேன். கூடவே, பழைய தீர்மான நோட்டு கிடைத்தால் கொண்டுவரச் சொல்ல வேண்டும். "ஒருமனதாக" என்று நான் எழுதியது பொய். ஒருவர் மறுத்தார், அவருக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. அதை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதியிட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.